ஏடும் கையும்: மூலிகை பறித்தவர்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

1675 ஏப்ரல் 20. கொச்சிக் கோட்டையில் ஈழவ வைத்தியர் ஒருவர் கோலெழுத்தில் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார். பெயர் இட்டி அச்சுதன். சேர்த்தலைக்கு அருகே கரைப்புறத்தைச் சேர்ந்தவர். டச்சுக் கம்பெனியின் மலபார் கமாண்டர் ஹென்ரிக் வான் ரீட் உத்தரவின் பேரில் கோட்டைக்கு வந்து, மலையாள நாட்டு மரம் செடி கொடிகளின் பெயர்களையும் மருத்துவ குணங்களையும் தன் ஏட்டில் உள்ளபடியும் அனுபவத்தில் கண்டபடியும் துபாஷி மானுவல் கார்னெய்ரோவிடம் சொல்லி எழுதவைத்தேன் என்பது அதன் சாரம். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ முதல் தொகுதி வெளிவந்தபோது இந்தச் சான்றிதழும் அதில் அச்சேறியது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமண வைத்தியர்கள் தங்கள் நிகண்டை ஆதாரம் காட்டி நாகரி எழுத்தில் கொடுத்த சான்றிதழும் கூடவே வந்தது. 1693க்குள் பன்னிரண்டு தொகுதிகள். 740க்கும் மேற்பட்ட தாவரங்கள். லின்னேயஸ் 1753இல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டியபோது ஆசியச் செடிகளுக்கு அவர் நம்பிய நூல்களில் இது முக்கியமானது.

ஐரோப்பியத் தாவரவியலின் அடியில் கிடப்பது ஈழவர்களின் வகைப்பாட்டு அறிவு என்று 1990களின் நடுவில் ரிச்சர்ட் குரோவ் எழுதினார். கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து அந்த லத்தீன் நூலை 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கொண்டுவந்தார். இட்டி அச்சுதன் என்ற பெயர் மீட்கப்பட்டது. காலனியம் விழுங்கிய ஒரு பெயரை வெளியே எடுத்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த மீட்பிலும் ஒரு விடுபடல் இருக்கிறது. வேலை நடந்த விதத்தை வான் ரீடே தன் முன்னுரை ஒன்றில் சொல்கிறார். செடிகளை அறிந்த ஆட்கள் சிறு சிறு குழுக்களாகக் காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இலை, பூ, காய் கிடைக்கும் பருவம் பார்த்து, உயர்ந்த மரங்களின் உச்சிவரை ஏறிப் பறித்துவந்தார்கள். ஓவியர்கள் அவற்றைப் பச்சையாக இருக்கும்போதே வரைந்தார்கள். யார் இந்த ஆட்கள்? என்ன சாதி, எந்த மலை? சான்றிதழ் கொடுத்தவர்களில் இவர்கள் இல்லை. பிராமண வைத்தியர்களிடம் நிகண்டு இருந்தது. ஈழவ வைத்தியரிடம் வீட்டு ஏடு இருந்தது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவருக்கும்கூட அந்த ஏடு ஒரு வாசலைத் திறந்தது. கையெழுத்துப் போட இடம் கொடுத்தது. மரத்தின் உச்சியில் இருந்தவனிடம் ஏடு இல்லை.

மூலிகை மருத்துவத்தின் வரலாற்றை நாம் வழக்கமாக இரண்டு எதிரெதிர்க் கட்சிகளாகப் பிரித்துப் பார்க்கிறோம்: மேற்கு/கிழக்கு, அலோபதி/சித்தம், சமஸ்கிருதம்/தமிழ். இந்தப் பிரிவுகள் பொய்யல்ல. ஆனால் இவற்றுக்குக் குறுக்காக இன்னொரு கோடு ஓடுகிறது. ஏட்டுக்கு உரிமை, கைக்குக் கூலி என்று பிரிக்கும் கோடு அது. டச்சுக்காரன் போனான், வெள்ளைக்காரன் போனான், நம்மவர் வந்தார்கள், கோடு அழியவில்லை. ஒவ்வொரு ஆட்சியும் தன் மையால் அதை மறுபடி வரைந்திருக்கிறது.

2

ஏட்டில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, பறிப்பது வெறும் கைவேலைதானே என்று கேட்கலாம். அப்படியல்ல. ‘பிரம்மி’ என்று நூல் சொல்கிறது. கேரளத்தில் அந்தப் பெயருக்கு நீர்ப்பிரமியைப் பறிக்கிறார்கள். வடக்கே பல இடங்களில் வல்லாரையைப் பறிக்கிறார்கள். ‘ராஸ்னா’ என்றால் தெற்கே அரத்தை வகை, வடக்கே முற்றிலும் வேறொரு செடி. சங்கபுஷ்பி எந்தச் செடி என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சித்தர் நூல்களோ பரிபாஷையில், குழூஉக்குறியில் எழுதப்பட்டவை. ஒரு பெயருக்குப் பின்னால் வேறொரு பொருள் ஒளிந்திருக்கும். ஆக, ஏட்டில் இருப்பது சொல். சொல்லுக்கும் செடிக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது. எந்த ஓடையோரம், எந்த மாதம், கசப்பு எப்போது ஏறும், இலையை முகர்ந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். அந்தக் கை இல்லாவிட்டால் நிகண்டு வெறும் சொற்பட்டியல்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை கொடுக்கும் ஒரு பாட்டி இருந்தார். வரப்போரம் குனிந்து பறிப்பார், அரைத்து மோரில் கலந்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். என்ன இலை என்று கேட்டால், “பேரு சொன்னா பலிக்காது சாமி” என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது; படித்துக் கொஞ்சம் ‘பகுத்தறிவு’ வந்த பிறகு மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. இன்று வேறு மாதிரி படுகிறது. நிலம் இல்லை, எழுத்து இல்லை, கோர்ட்டு இல்லை. அப்படிப்பட்டவர் தன் அறிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள என்ன வழி? சொல்லாமல் இருப்பதுதான் வழி. ‘பலிக்காது’ என்பது அவருடைய சொத்துச் சட்டம். நாம் மட்டும் அதைச் சட்டம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே சாதியைப் பேசாமல் நகர முடியாது. நாவிதர்களுக்கு ‘மருத்துவர்’ என்ற பெயரும் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே மருத்துவச்சிகள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. ரத்தத்தையும் சீழையும் பனிக்குடத்தையும் தொட்ட கை தீட்டுக் கையானது. நாடி பிடித்து ஏடு பார்த்துச் சொன்னவர் பண்டிதரானார். ஒரே மருத்துவத்துக்குள் நடந்த பிரிவினை இது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நடந்தது.

பொதிகை மலையையும் இப்படிப் பார்க்கலாம். சித்த மருத்துவத்தின் முதல்வர் அகத்தியர். அவர் இருக்கும் இடம் பொதிகை. அந்த மலையில் வாழ்கிறவர்கள் காணிகள். புராணத்தில் மலை முனிவருக்குச் சொந்தம். காணி அந்தக் கதைக்குள் வருவதே அபூர்வம். வந்தால் வழிகாட்டியாக வருவார். இதை மனதில் வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு காணி வழிகாட்டியைச் சந்திக்கப்போகிறோம்.

3

மூலிகை பறிப்பதற்கு நம் மரபில் ஒரு சடங்கு உண்டு. செடிக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, பிறகுதான் தொட வேண்டும். செடிக்கு உயிர் உண்டு, சாபம் இடும் உரிமையும் உண்டு என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். இதை நான் புனிதப்படுத்தவில்லை. மந்திரமும் ஏட்டுக்காரர் வசம்தான் இருந்தது. ஆனால் பறிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது என்பது முக்கியம்.

1882இல் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் மாறியது. 1878இன் இந்திய வனச் சட்டத்தை மதராஸ் அரசு உடனே ஏற்கவில்லை. இங்குள்ள காடுகள் ஏதாவது ஒரு கிராமத்தின் பாத்தியதைக்கு உட்பட்டவையே. அந்தப் பழைய உரிமைகளை ஒரே வீச்சில் துடைத்துவிட முடியாது என்று ரெவின்யூ போர்டு நீண்ட காலம் வாதாடியிருந்தது. அரசின் உள்ளேயே அப்படியொரு குரல் இருந்தது. பிறகு டீட்ரிக் பிராண்டிஸ் வந்தார். மதராஸ் வனச் சட்டம் 1882 வந்தது. காப்புக்காடு என்ற எல்லைக்கோடு விழுந்தது. செடிக்குக் கட்டிய காப்பு போய், செடியைச் சுற்றி அரசு கட்டிய காப்பு வந்தது. அதுவரை காட்டுக்குள் போய்வந்தவன் இப்போது ‘அத்துமீறி நுழைபவன்’. பறித்தது திருட்டு. கார்டு கண்ணில் பட்டால் ஓட வேண்டும். இல்லையென்றால் கையில் ஏதாவது வைக்க வேண்டும்.

சட்டம் அவனை முழுக்க வெளியே தள்ளிவிடவும் இல்லை. ஏனென்றால் வேலைக்கு ஆள் தேவை. கடுக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வைத்தியத்தில் அது திரிபலையில் ஒன்று, வயிற்றுக்குத் தாய் போன்றது. வனத்துறைக் கணக்கிலோ அது தோல் பதனிடும் சரக்கு. கப்பலேறி இங்கிலாந்துத் தோல் தொழிற்சாலைகளுக்குப் போன வருமான ஐட்டம். சிறுவன மகசூல் என்ற தலைப்பின் கீழ் தேன், மெழுகு, கடுக்காய், வேர், பட்டை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. குத்தகை எடுத்தவர் கீழ்நாட்டு வியாபாரி. பறிக்கிறவர் இருளர், காணி, மலையாளி, முதுவர். முந்தின நாள் திருட்டாக இருந்த காரியம் குத்தகைக்காரர் பெயரில் செய்தால் கூலி வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு லாம்ப் சொசைட்டிகள் வந்தன. குத்தகைக்காரர் இடத்தில் சொசைட்டி உட்கார்ந்தது. பல இடங்களில் பழைய வியாபாரியே அதற்குப் பின்னால் நின்றார்.

கூலி எடைக்கு. இதுதான் தீர்மானமான மாற்றம். வீட்டுக்குப் பறிக்கிறவர் ஒரு பிடி பறிப்பார், வேரில் பாதி விடுவார். எடைக்குப் பறிக்கிறவர் பாதி விட்டால் அன்றைக்குக் கஞ்சி பாதி. மாகாளிக்கிழங்கு போன்றவற்றில் தோண்டினால் செடியே போய்விடும். பிறகு ‘ஆதிவாசிகள் காட்டை அழிக்கிறார்கள்’ என்று அறிக்கை வரும். இந்தியாவில் 960 மூலிகை வகைகள் வணிகத்தில் இருக்கின்றன, அவற்றில் 178 வகைகள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் புழங்குகின்றன என்று 2008இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பயிரிடப்படுவது அதில் சிறு பகுதி. மற்றது காட்டிலும் தரிசிலும் வரப்பிலும் யாரோ குனிந்து பறித்தது. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தின் மேல் அந்த யாரோவின் சுவடே இருக்காது.

4

1921இல் மதராஸ் அரசு முகமது உஸ்மான் தலைமையில் சுதேசி மருத்துவம் பற்றி ஒரு கமிட்டி போட்டது. செயலாளர் ஜி. சீனிவாசமூர்த்தி. அறிக்கை 1923இல் வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவை விஞ்ஞானமா இல்லையா என்பதே மையக் கேள்வி. விஞ்ஞானம்தான் என்று கமிட்டி நிறுவியது. காலனியத்துக்கு எதிரான வாதம் என்ற வகையில் அது துணிச்சலானது. இதன் தொடர்ச்சியாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளியும் வந்தது.

ஆனால் எதை வைத்து நிறுவினார்கள்? சாஸ்திரத்தை வைத்து. எங்களிடமும் கோட்பாடு உண்டு, நூல் உண்டு, பாடத்திட்டம் உண்டு என்ற வாதம் அது. கேள்விகள் வைத்தியர்களுக்குப் போயின. மருத்துவச்சிக்கும் மலையில் வேர் தோண்டுகிறவருக்கும் போகவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் தலை நிமிர வேண்டுமானால் கையை முதுகுக்குப் பின்னால் மறைக்க வேண்டியிருந்தது. தேசியம் மருத்துவத்தை மீட்டபோது மீட்டது ஏட்டைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைக்குத் தெரிந்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு பக்தி. கீழாநெல்லியைப் பார்ப்போம். மஞ்சள்காமாலைக்குத் தமிழ்க் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கும் மற்றவர்களும் செய்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து அதன் தடயம் நீங்கியது என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோதிப்பது வேண்டும், காமாலை முற்றினவரை இலையை மட்டும் நம்பி வீட்டில் போட்டுவைப்பது கொலைக்குச் சமம். ஆனால் ‘பலிக்கிறதா?’ என்பது ஒரு கேள்வி, ‘யாருடையது?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியும்வரை இரண்டாவதைத் தள்ளிவைப்பதும், இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறுப்பதும் இரண்டுமே மோசடி.

5

இப்போது அந்த வழிகாட்டி. 1987 டிசம்பரில் பி. புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஏறியது. விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள், கூட வந்த காணி இளைஞர்கள் களைக்கவில்லை. ஏதோ ஒரு காயை மென்றபடியே நடந்தார்கள். கேட்டபோது தயங்கினார்கள், வெளியாளுக்குச் சொல்லக்கூடாத ரகசியம் அது. அந்தப் பாட்டியின் அதே சட்டம். வற்புறுத்தலுக்குப் பிறகு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. காட்டியவர்களில் குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி ஆகிய பெயர்கள் பின்னால் உலக ஆவணங்களிலெல்லாம் ஏறின. மர உச்சியில் இருந்தவனுக்கு முந்நூறு வருடம் கழித்துப் பெயர் கிடைத்தது. அந்த அளவில் இது முன்னேற்றம்தான்.

பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அந்தச் செடியோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்தியக் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் ஏழாண்டு உரிமம் கொடுக்கப்பட்டது. இதில் பாதி காணிகளுக்கு. அப்படியொரு பங்கீடு அன்று உலகத்திலேயே புதிது. 1997இல் காணிகளின் டிரஸ்ட் பதிவானது, 1999இல் பணம் வந்தது, 2002இல் ஜோஹான்னஸ்பர்க்கில் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது.

இந்த வெற்றிக் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மருந்துக்கு இலை வேண்டும். காணிகள் காட்டிலிருந்து இலை பறித்து விற்கப் போனபோது வனத்துறை குறுக்கே நின்றது. ஆரோக்கியப்பச்சை சிறுவன மகசூல் பட்டியலில் இல்லை. எனவே பறிக்க அனுமதி இல்லை. அறிவு அவர்களுடையது என்று ஒரு அரசு நிறுவனம் ஒப்புக்கொண்டு பங்கு கொடுக்கிறது. செடியைத் தொட்டால் குற்றம் என்று இன்னொரு அரசுத் துறை சொல்கிறது. அது 1882இன் குரல். காணிகளுக்குள்ளேயும் பேச்சு ஒன்றாக இல்லை. விதுரா பக்கம் மருத்துவம் பார்க்கும் பிலாத்திகள் சிலர் 1995இலேயே, எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்காதீர்கள் என்று கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். காட்டிய சில இளைஞர்கள் மொத்தச் சமூகத்தின் ரகசியத்தைக் கொடுக்க உரிமை பெற்றவர்களா? அவர்களிடம் கேட்காமல் கையெழுத்தான ஒப்பந்தம் யாருடையது? மலையின் இந்தப் பக்கம், பாபநாசத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் காணிகள் இருக்கிறார்கள். அதே அறிவு, அதே சனம். டிரஸ்ட் கேரளக் காணிகளுக்கானது. மாநில எல்லை செடிக்குத் தெரியாது, ராயல்டிக்குத் தெரியும்.

6

1995இல் அமெரிக்காவில் மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் அறிவியல் ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. மேடைதோறும் கைதட்டினோம். எதைக் காட்டி ஜெயித்தார்கள் என்று கவனித்தோமா? அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் ஒரு வழக்கம் கோடிப் பேரிடம் இருந்தாலும் அது சாட்சியாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய நூல்களையும் ஆய்வு இதழ்களையும் காட்டித்தான் ஜெயித்தார்கள். அடுப்படியில் மஞ்சள் பூசிய கை அங்கே சாட்சிக்கூண்டில் ஏற முடியாது.

இந்த அனுபவத்திலிருந்து 2001இல் மரபு அறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்கள் அதில் ஏற்றப்பட்டன. அந்நியன் திருடாமலிருக்க நல்ல பூட்டு. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது மறுபடியும் ஏடு.

2002இன் உயிரியல் பன்மையச் சட்டம் கொஞ்சம் வேறு திசையில் போனது. உள்ளூர்ச் சமூகங்களோடு பலனைப் பங்கிட வேண்டும் என்றது. இந்தியக் கம்பெனிகளும் பங்கு கொடுக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தீர்ப்பளித்தது. ‘சுதேசி’ என்ற பெயரில் விற்கிறவரும் மலையில் பறித்தவருக்குக் கடன்பட்டவர்தான் என்பது அதன் அர்த்தம். ஐந்தே வருடம். 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. நூலில் தொகுக்கப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கும், பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும், பயிரிட்ட மூலிகைகளுக்கும் விலக்கு.

‘நூலில் தொகுக்கப்பட்ட’ என்ற சொற்களை இன்னொரு முறை வாசியுங்கள். கொச்சிக் கோட்டையில் சான்றிதழ் கொடுத்தவருக்கும் மரம் ஏறியவருக்கும் நடுவில் ஓடிய கோடு இப்போது சட்ட வாசகமாகவே வந்துவிட்டது. ஏட்டில் இருப்பது எல்லோருக்கும் பொது. எனவே யாருக்கும் பங்கு தர வேண்டாம். ‘நம் முன்னோர் அறிவு’ என்று மேடையில் முழங்கும்போது அந்த ‘நம்’ என்பதற்குள் கம்பெனி முதலாளி இருக்கிறார். வேர் தோண்டியவர் இல்லை.

7

எதிர்க்க ஆதாரமே இல்லையா? இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மூலிகைகளையும் வேர் கிழங்குகளையும் சிறுவன மகசூல் என்று வெளிப்படையாகவே சொல்லி, மரபாகப் பறித்துவந்தவர்களுக்கே அதன் உடைமை உரிமையைக் கொடுக்கிறது. மரபு அறிவின் மீதான சமூக உரிமையும் அதில் இருக்கிறது. 1882ஐ ஒரு கணக்கில் திருப்பிப்போடும் சட்டம் இது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவொன்றால் 2016 வரை உரிமைப் பட்டாக்கள் முடங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகும் தனிநபர் நிலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சமூக உரிமையைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அறிவுக்குப் பங்கு கேட்பதைவிடக் காட்டுக்குள் தலை நிமிர்ந்து போய்ப் பறிக்கும் உரிமையைக் கேட்பது அடிப்படையானது என்று எனக்குப் படுகிறது. பங்கு, கொடுக்கிறவர் மனம் வைத்தால் வரும். உரிமை அப்படியல்ல.

கடைசியாக நம்மைப் பற்றி. நாமும் நோட்டுப் புத்தகத்தோடு மலை ஏறியவர்கள்தான். நாட்டார் மருத்துவம் அழிகிறது, பதிவு செய்வோம் என்று ஓடினோம். ‘பேரு சொன்னா பலிக்காது’ என்றவரிடம் பேசிப் பேசிப் பெயரை வாங்கினோம், கட்டுரையாக்கினோம், தொகுப்பாகப் போட்டோம். நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் அச்சிட்ட அன்றே அது நூலில் தொகுக்கப்பட்ட அறிவாகிவிடுகிறது. சொன்னவருடைய ஒரே சட்டத்தை உடைத்துவிட்டு, பதிலுக்கு நாம் எதையும் கொடுக்கவில்லை. பல பதிவுகளில் பெயர்கூட இல்லை. ‘ஒரு மூதாட்டி’, ‘ஒரு பழங்குடிப் பெரியவர்’. இந்தக் கட்டுரையிலும் அந்தப் பாட்டிக்குப் பெயர் இல்லை. எனக்குத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள்ள அவர் இன்று இல்லை.

எனவே அடுத்த முறை ஒரு மூலிகைக் குறிப்பு நம் கைக்கு வரும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுப் போடலாம். சொன்னவர் அச்சிடச் சம்மதித்தாரா? அவருடைய ஊர்க்கூட்டத்துக்குத் தெரியுமா? அந்தச் செடியைப் பறிக்க அவருக்கு இன்று அனுமதி இருக்கிறதா, இல்லை கார்டுக்குப் பயந்துதான் பறிக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு என்ன விடையோ அதையும் குறிப்போடு சேர்த்தே அச்சிட வேண்டும். முதலிரண்டுக்கும் விடை இல்லையென்றால் குறிப்பை நிறுத்திவைப்போம். பதிவாகாமல் ஒரு மருந்து அழியலாம், உண்மைதான். பறிக்கிறவர் காட்டை விட்டுத் துரத்தப்பட்டால் எத்தனை பதிவு இருந்தாலும் அது அழியும்.